சிவப்பு என்று வைத்த செடி

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

செடி பூத்துவிட்டது. பூ விரிந்தபோது கொல்லையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு விட்டுப்போகும். நான். மாமா, தன் சாய்வு நாற்காலியைத் துவைக்கிற கல் வரைக்கும் இழுத்துவந்து போட்டுக்கொண்டு. மாடியில் குடியிருக்கும் தையற்காரர், கழுத்தில் இஞ்சு நாடாவோடு. என் மகனோடு நர்சரியில் வேலை பார்த்த நெட்டை. நெட்டை கூட்டிவந்த கல்லூரி டீச்சர், தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். கடைசியாக உன் அக்கா. அவளை நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். எதற்கு வந்தாள் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். இருந்திருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் வரமுடியாத இடத்துக்குப் போய்விட்டான். இன்னொருத்தி பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால், "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன் அத்தை, நீங்க" என்பதைத் தாண்டிப் பேச்சு நகருவதில்லை. நமக்குக் காகிதத்தில்தான் வாய் வரும். வேலைக்குப் போன ஊரிலிருந்து மாதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தவள், கோடை பிறந்ததிலிருந்து நிறுத்திவிட்டாய். நூலகத்தில் வேலை அதிகம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். "அத்தனை புஸ்தகத்துக்கு நடுவுல ஒரு வெள்ளைத் தாள் கிடைக்கலையாமா" என்று கேட்டார். நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

செடிக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு ஓடும். தபால் ஆபீஸ் வாசலில் நின்ற சிவப்பு வெட்சிக்குப் பக்கத்தில்தான் நீயும் என் மகனும் முதன்முதலில் பேசிக்கொண்டீர்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததும், அதே மாதிரி ஒன்று நம் வீட்டிலும் வேண்டும் என்று கேட்டாய். அவன் நர்சரியிலிருந்து ஒரு நாற்றைக் கறுப்புப் பையோடு சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தான். பையில் ஒட்டியிருந்த சீட்டு மழையில் கரைந்து வெறும் தாளாக இருந்தது. துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இரண்டு பேரும் குழி தோண்டி நட்டீர்கள். அது புதுத் தளிர் விடுவதற்குள் அந்த லாரி வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத மாட்டேன்.

நீ இங்கே இருந்தவரை நீ தண்ணீர் ஊற்றினாய். நீ போனபிறகு நான். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே செடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். என்றைக்குத் தண்ணீர், என்றைக்கு எரு, புதிதாக எத்தனை இலை என்று எழுதி வருவேன். மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஒரு இலை குறைஞ்சாலும் விடமாட்டா, பால்காரரைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக் கேப்பா" என்று தையற்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்க ஏதோ ஒன்று இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதி வைத்ததில் முக்கால்வாசி நோய்தான். இலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் மிளகுப்பொடி தூவிய மாதிரி இருக்கும். ஏதோ பூச்சி பற்றிவிட்டது என்று பயந்துபோனேன். அவன் கையால் வைத்தது என் கையில் போகக்கூடாது என்று ஒரு பிடிவாதம். துணி துவைத்த ஈரக் கையோடு செடியைப் பிடித்துச் சோதிப்பேன். புள்ளி தெரிந்த இலையை எல்லாம் கிள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவேன். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சாம்பல் தூவிப் பார்த்தேன். காலைப் பிரார்த்தனையில் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். செடி வளர்ந்த பாடாக இல்லை. என் முழங்காலைத் தாண்டவில்லை. ஏழெட்டுக் குச்சி, நுனியில் இரண்டு தளிர், அவ்வளவுதான். தையற்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, அளவு எடுக்காமலே வெட்டிட்டீங்களா" என்பார். எனக்குக் கோபம் வரும். அவர் ஜாக்கெட் தைக்கிற லட்சணத்துக்கு அவர் பேசுகிறாரே என்று.

பிறகுதான் என் கண் சமாசாரம் வந்தது. புரை முற்றிவிட்டது என்று முதலில் இடது கண், அது ஆறியதும் வலது கண். குனியக்கூடாது, புழுதி படக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நாளெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது மாமாதான். அவர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவார். எனக்கோ கொல்லைப்பக்கம் ஒரு பச்சை மங்கல் தெரியும், அவ்வளவே. புள்ளி தெரிந்தால்தானே கிள்ளுவதற்கு.

புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருநாள் கதவைத் திறந்து பார்க்கிறேன், செடி என் தோளுக்கு வந்து நிற்கிறது. குச்சி நுனியெல்லாம் கொத்துக் கொத்தாக மொட்டு. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். புள்ளியும் இருந்தது, எல்லா இலையிலும் இருந்தது. என் விரல் பரபரத்தது. மாமா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பூக்கட்டும். அதுக்கப்புறம் நீயாச்சு, உன் நோயாச்சு" என்றார். அவர் என் கையைப் பிடித்துச் சொன்ன பேச்சு என்பதால் கேட்டுக்கொண்டேன்.

அன்றே நெட்டைக்கும் சொல்லி அனுப்பினார். நெட்டை வந்து மொட்டைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "இதைத் தெரிஞ்சவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேம்மா" என்று போனவன், மொட்டு முற்றிய அன்று சாயங்காலம் டீச்சரோடு வந்து நின்றான். நாங்கள் எல்லோரும் சிவப்பை எதிர்பார்த்து நின்றோம். பொழுது சாய்கிற நேரத்தில் முதல் கொத்து விரிந்தது.

வெள்ளை.

தையற்காரர், "சாயம் போயிருச்சா" என்று ஆரம்பித்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த டீச்சர் புடவை அழுக்காகும் என்று பார்க்காமல் ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு பூவைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். நாலு இதழ். நடுவிலிருந்து ஊசி மாதிரி ஒன்று பூவைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெட்சிக்கு இவ்வளவு நீளாது, அதன் நுனியும் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்றார். "இது பாவட்டைம்மா. வெட்சியும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனா வேற வேற வீடு. இந்த மண்ணோட செடி. முன்னாடி புதர்க்காட்டுல எல்லாம் தானா நிக்கும், இப்ப தேடிப் போனாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு ஒரு இலையைப் பறித்து மேற்கே வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் கண்ணில் அழுக்குத் துணி பட்டமாதிரி. "நோய்தான் டீச்சர், என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன், போகல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நோய் இல்லம்மா. இந்தப் புள்ளிதான் இதுக்கு அடையாளம். பூக்காத நாள்ல இலையைத் தூக்கிப் பிடிச்சு இதை வெச்சுத்தான் நாங்க பாவட்டைன்னு சொல்வோம். வெட்சி இலையில இது இருக்காது" என்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தப் புள்ளிக்குள் குடியிருக்கின்றனவாம். தளிரிலிருந்து மொட்டுக்கு, மொட்டிலிருந்து விதைக்கு என்று செடி கூடவே போகுமாம். அவை இல்லாமல் முளைத்த செடி குட்டையாகவே நின்றுபோகுமாம்.

மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கடிகாரம் பழுது பார்க்கிற கண்ணாடி. அதுதான், கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அது. மகன் போன நாளிலிருந்து அந்தக் கருவிப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு இலையை வெகுநேரம் பார்த்தார். "சின்ன சின்னதா, பல்சக்கரத்தோட பல்லு மாதிரி இருக்கு" என்றார். பிறகு டீச்சரிடம், "இவ இத்தனை நாளா இதைத்தான் கிள்ளிப் போட்டா" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். "ஐயா, இப்ப எப்படி வளர்ந்தது" என்று டீச்சர் கேட்க, "இவளைக் கை வெக்காம நிறுத்த கண் டாக்டராலதான் முடிஞ்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அக்கா சிரிக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு சங்கடம். நீ கேட்டது சிவப்பு, அவன் கொண்டுவந்தது வெள்ளை, இது எப்படி என்று பேச்சு வந்தது. நெட்டை மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன். "நாத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்மா. சீட்டு விழுந்துட்டா நானே மாத்திக் குடுத்து ஏச்சு வாங்கியிருக்கேன். அவனும் மாத்தி எடுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டான். மாமா முகம் சுருங்கிவிட்டது. "என் பையன் மாத்தி எடுக்கிறவன் இல்ல" என்றார். நெட்டைக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் யோசித்து, "அது சரிதான்ப்பா. அவன் யாருக்கு நாத்து குடுத்தாலும் முதல்ல இலையை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாப்பான். எதுக்குடா பாக்கிறேன்னா சொல்ல மாட்டான்" என்றான்.

அதிலிருந்து மாமாவுக்கு அதே நினைப்பு. தெரிந்தே கொண்டுவந்திருப்பான், ஊரெல்லாம் சிவப்பு நிற்கிறது, என் வீட்டுக்காரிக்கு யாரிடமும் இல்லாததைக் கொடுப்போம் என்று எடுத்திருப்பான் என்கிறார். மாற்றி எடுத்திருந்தாலும் எனக்குக் குறையில்லை. வளர்ந்து பூத்ததைப் போய் நீ ஏன் சிவப்பாக இல்லை என்று கேட்க முடியுமா. ஆனால் மாமாவுக்கு அது தெரியவேண்டும். அதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். குழி தோண்டிய அன்று பக்கத்தில் இருந்தவள் நீ.

வெளிச்சம் போய்விட்டது. புதுக் கண்ணை வருத்தக்கூடாது. மீதியை நாளை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, சமையல் முடித்தபின்.

நேற்று நிறுத்தியதை வாசித்துப் பார்த்தேன். செடியைப்பற்றியே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டக் கற்றவளுக்கு, சொல்லவேண்டியதை நேரே எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள். இன்று நேரே எழுதப் பார்க்கிறேன்.

அன்று எல்லோரும் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் அக்கா என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "அம்மா, நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியக்கூடாது" என்று ஆரம்பித்தாள். நான் உன்னிடம் மறைக்க மாட்டேன், அதனால் எழுதுகிறேன். அவளைத் திட்டாதே. உன்மேல் உயிரை வைத்திருக்கிறாள்.

மருந்துக்கடை வைத்திருப்பவர் என்றாள். நூலகத்துக்கு வந்து போகிறவர், அதிகம் பேசாதவர், முறையாகப் பெரியவர்கள் மூலம் உன்னைப் பெண் கேட்டுவிட்டார் என்றாள். "இவ சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அத்தைக்கு எப்படிச் சொல்வேன், மாமா முகத்துல எப்படி முழிப்பேன்னு கேக்கிறா, அப்புறம் சுவத்தைப் பாத்து படுத்துக்கிறா. உங்களுக்கு லெட்டர் எழுத உக்காந்து கிழிச்சுக் கிழிச்சுப் போடறா. அந்த மனுஷனும் எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்" என்று அழுதாள்.

என் கையில் ஒரு கரண்டி இருந்தது. அதைக் கழுவினேன். கழுவின கரண்டியையே திரும்பக் கழுவினேன். சுருக்கென்றது, உன்னிடம் பொய் எழுத மாட்டேன். பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும். அதை நீ ஒரு கணக்கில் சேர்க்காதே. அவளுக்கு இன்னொரு வாய் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன்.

உன் பெயரைச் சொல்லி தினமும் நான் கேட்பது ஒரே வரி. அவளை எனக்கு நல்லபடியாக வைத்திரு என்று. அன்று அந்த வரி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி சொன்னேன், மறுபடியும் நின்றது. நடுவில் இருந்த 'எனக்கு' என்பதை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். தடையில்லாமல் வந்தது. அதற்குப்பிறகு தினமும் அப்படித்தான் சொல்கிறேன்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது சொன்னேன். அப்போது அவரால் எழுந்து போகமுடியாது பார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் சோப்பு காய்ந்துவிட்டது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கடைசியில், "பதியத்தை எப்ப வெட்டலாம்னு அந்த டீச்சர் சொன்னாங்க" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவள் நான். எனக்கு அது போதும்.

பதியம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லவேண்டும். என் கண் கட்டியிருந்த நாளில் செடியின் தாழ்ந்த கிளை ஒன்று மண்ணில் சாய்ந்து கிடந்திருக்கிறது. யாரும் மிதித்துவிடக்கூடாது என்று மாமா மண்ணை அள்ளிப் போட்டு அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்திருக்கிறார். அங்கே அது வேர் விட்டுவிட்டது. டீச்சர் மண்ணைக் கிளறி வெள்ளை வேரைக் காட்டினார். "இனிமே இதைப் பிரிக்கணும்மா. வேர் வந்ததுக்கப்புறமும் தாய்ச் செடியோட ஒட்டியே வெச்சிருந்தா, அது தன் வேரை நம்பாது. அதுக்காக ஒரே வெட்டா வெட்டிராதீங்க. முதல்ல பாதி. கொஞ்ச நாள் கழிச்சு மீதி. அப்புறமும் அதே இடத்துலயே இருக்கட்டும். தளிர் விட்டதும் தோண்டிக் கொண்டுபோய் வெக்கலாம்" என்றார். பிரித்தால் இலையில் புள்ளி வருமா என்று கேட்டேன். "அது எங்க போனாலும் கூடப் போகும்" என்றார்.

இன்று காலையில் மாமா தன் பெட்டியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துவந்தார். அந்தக் கிளையைப் பாதி வெட்டினார். நான் பக்கத்தில் நின்று கிளையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டின இடத்தில் கொஞ்சம் ஈரம் கசிந்தது, உடனே நின்றுவிட்டது. மீதிப் பாதியை உன் பதில் வந்த பிறகு வெட்டுவதாக இருக்கிறார்.

தாய்ச் செடி இங்கேயே இருக்கும். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நான் இனிமேல் இலையில் கை வைக்க மாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் நம்பவில்லை. சாயங்காலமானால் வாசனை சமையலறை வரை வருகிறது. பெரிய அந்துப்பூச்சி ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கிறது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார். நேற்று யாருடைய கடிகாரத்தையோ பழுது பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மகளே, நீ எங்கே இருந்தாலும் அந்த வீட்டில் வயிறும் மனசும் நிறைந்து இருக்கவேண்டும். அழுதுகொண்டு படுக்கிற நாள் இதோடு முடியட்டும். ஆண்டவனிடம் உனக்காக நான் கேட்காத நாள் இல்லை, இனியும் இருக்காது. எனக்கென்று ஒன்று கேட்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும், என்ன முறை மாறினாலும், எனக்கு எழுதும்போது அத்தை என்றே எழுது. இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகின்றன. அத்தை என்று கூப்பிட எனக்கு வேறு ஆள் இல்லை.

இரண்டு விஷயத்துக்குப் பதில் வேண்டும். அந்த நாற்றைக் கொண்டுவந்த அன்று அவன் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தானா. நினைவிருந்தால் இருக்கிறது என்று எழுது, இல்லாவிட்டால் இல்லை என்றே எழுது, மாமாவுக்காக ஒன்றும் சேர்க்காதே. இரண்டாவது, பாவட்டைக்கு நாள் முழுக்க வெயில் ஆகாதாம், காலை வெயில் பட்டால் போதுமாம். அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டில் காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவரிடம் கேள். மழை தொடங்குவதற்குள் செடியைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும், மாமாவே கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

கேட்டுச் சீக்கிரம் எழுது.

உன் அத்தை.